பாதிப் பச்சைக் கதவு

புந்தா அரீனஸில் காற்று
ஆளைத் தூக்கிப்போகும் நாட்களில்
தெருமுனைகளில் கயிறு கட்டிவிடுவார்கள்.
அதைப் பிடித்துக்கொண்டாவது வருவார்கள், படம் பார்க்க.
நான் கண்ணாடிக்குப் பின்னால்
கேஸ் கணப்பில் கால் காய்ச்சியபடி
டிக்கெட் கிழித்துத் தருகிறவள்.
பெயர் டானிட்சா. பத்தொன்பது வருடம்.

கூட்டம் உள்ளே போனதும் வாசிப்பேன்.
வாக்கியத்தின் நடுவில் யாராவது தட்டுவார்கள்:
"ரெண்டு பெரியவங்க, ஒரு குழந்தை."
சில்லறை எண்ணிக் கொடுத்துத் திரும்பினால்
கத்தியை ஓங்கியவன்
ஓங்கியபடியே நிற்பான்,
எனக்காக அவ்வளவு நேரம் கை கடுக்க.

சுவருக்கு அந்தப் பக்கம்
யாரும் யாருக்காகவும் நிற்பதில்லை.
ஏழு பத்துக்குச் சிரிக்கிறார்கள்.
எட்டு இருபதுக்கு மூக்கை உறிஞ்சுகிறார்கள்.
செவ்வாய்க்கிழமையும் அதே எட்டு இருபது.
எனக்கு அப்படி நேரம் குறித்து அழுகை வந்ததில்லை.
ஒரு குளிர்காலம் முப்பதாம் பக்கத்தில் அழுதேன்.
அடுத்த முறை எடுத்தபோது
அந்த முப்பதாம் பக்கம் சும்மா போயிற்று;
முன்பு கொட்டாவி விட்டுத் தாண்டிய
யாரோ ரொட்டி வாங்கும் பத்தியில்
எழுத்து கலங்கிவிட்டது.

இந்த ஏப்ரலில்
என் புத்தகமே படமாகி வந்தது.
என்னுடையது என்றால் நான் எழுதியதல்ல,
நான்கு முறை வாசித்தது. போதாதா?
உப்பளத்து ஊர். அண்ணன் தம்பி. ஒரு கதவு.
கதவுக்கு என்ன நிறம் என்று எழுதியவர் சொல்லவில்லை.
நான்தான் நீலம் அடித்து வைத்திருந்தேன்,
அப்பாவின் நண்டுப் படகுக்குப் பூசி
டப்பாவில் மிஞ்சிய நீலம்.
சுவரொட்டியில் அது பச்சை.
நான் இல்லாத நேரத்தில்
தூரிகையோடு யாரோ வீட்டுக்குள் வந்துபோனது மாதிரி.

பார்க்க மாட்டேன் என்றேன்.
ப்ரொஜெக்டர் அறையிலிருந்து இறங்கி வந்தான் எலியோதோரோ.
அவன் வாசிப்பதெல்லாம் திரையின் அடியில் ஓடுகிற வரிகள் மட்டும்;
அதுவே வேகம் அதிகம் என்பான்.
"அம்மாவோட கை. பதினோரு நொடி. போய்ப் பாரு."
"புத்தகத்தில் அப்படி ஒரு கையே இல்லையே."
"அதனாலதான்."

கூண்டைப் பூட்டிவிட்டுப் போய்
பின்வரிசைத் திரைச்சீலை ஓரம் நின்றேன்.
இளையவன் போய்விட்டான்.
மூட்டை கட்டிக் கொடுத்த கை மெல்லத் திறக்கிறது.
ரேகைகளில் உப்பு.
இருநூறு பேரில் ஒருவரும் இருமவில்லை.
பதினோரு நொடி இல்லை அது,
நான் எண்ணினேன், பதினான்கு.

திரும்பி வந்து தேடினேன்.
இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்:
'அவன் போனான்.'
அதற்குக் கீழே அரைப்பக்கம் வெள்ளை.
நான்கு முறை அந்த வெள்ளையைக் கடந்திருக்கிறேன்,
எதையும் வைக்காமல்,
அடுத்த அத்தியாயத்துக்கு அவசரமாக.
கதவுக்கு நீலம் அடிக்கத் தெரிந்தவளுக்கு
இது தோன்றவில்லை.
எலியோதோரோவிடம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

ஆனால் ஒன்று.
அங்கே பதினான்காம் நொடியில்
ஒரு ரயில் வந்து கையை அடித்துக்கொண்டு போனது.
கொஞ்சம் இருங்கள் என்று கேட்க முடியாது.
இங்கே மூன்று நாளாக
அந்தப் பக்கத்தை நான் புரட்டவில்லை.
கை திறந்தே இருக்கிறது.
இன்று அதில் உப்போடு
நாணயங்களின் துரு வாசனையும் அடிக்கிறது.
யாருடைய கை என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

கதவுதான் சரியாகவில்லை.
பாதி பச்சை, பாதி நீலம்.
சுரண்டச் சுரண்ட இரண்டும் வருகிறது.

தொப்பியைக் காற்றுக்குக் கொடுத்துவிட்டு
ஒருவர் மூச்சிரைக்க ஓடி வந்தார்.
"ஆரம்பிச்சாச்சா?"
"இருபது நிமிஷம் ஆச்சு."
"ஐயோ, இதுவரைக்கும் என்ன நடந்திருக்கும்?"
டிக்கெட்டைத் தள்ளினேன்.
"ஒரு கதவு வரும்," என்றேன்,
"நிறத்தை மட்டும் நம்பாதீர்கள்."